நினைவாற்றலை எதனோடு ஒப்பிடுவது?

முதியவர் ஒருவருக்கு மறதிநோய் தொடங்கியிருக்கிறதா என்பதை ஆரம்ப நிலையிலேயே அறிந்துகொள்ள உலகெங்கும் கையாளப்படும் சோதனைகளுள் எளிமையானது சொற்பட்டியல் சோதனை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில சொற்களைச் சோதிப்பவர் நிதானமாக வாசிக்க, கேட்பவர் தம் நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்கிறார். பிறகு வேறு கேள்விகளால் அவரது கவனம் சிறிது நேரம் திருப்பப்பட்டு, பட்டியல் மறுபடி வாசிக்கப்படாமலேயே அதே சொற்கள் மீண்டும் கேட்கப்படுகின்றன. பத்துச் சொற்களில் மூன்றை மட்டுமே ஒருவர் சொன்னார் என்றால், அது நோயின் அறிகுறியா, அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் உரிய இயல்பான நிலைதானா என்பதை அந்த எண் தானாகச் சொல்லிவிடாது. நோயில்லாத, அதே வயதும் அதே அளவு கல்வியும் அதே மொழியும் உடைய பலர் அதே சோதனையில் என்ன மதிப்பெண் பெற்றார்கள் என்ற தொகுப்பு கையில் இருந்தால்தான் அந்த மூன்றுக்குப் பொருள் கிடைக்கும். அத்தகைய தொகுப்பே இயல்பளவு எனப்படுகிறது. அங்கன்வாடியில் குழந்தையின் எடையை வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்ப்பதை இது ஒத்தது. ஆனால் குழந்தையின் எடைக்கு மொழியோ பள்ளிப்படிப்போ கிடையாது, நினைவாற்றலுக்கு இரண்டும் உண்டு. இயல்பளவு வகுக்கும் வேலையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சொற்களைக் கொண்டு சோதிப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோய், புதிய செய்திகளை நிலையான நினைவாக மாற்றித் தரும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் தொடக்கத்திலேயே தாக்குவதால், நோயாளி பழைய நிகழ்ச்சிகளைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சற்றுமுன் கேட்டதைத் தக்கவைக்க இயலாதவராகிறார். ஆகவே, கேட்ட உடனே எத்தனை சொற்களைச் சொன்னார் என்பதைவிட, இடைவெளிக்குப் பிறகு எத்தனை மிஞ்சின என்பதே மருத்துவருக்கு முக்கியம். இதைத் தாமத நினைவுகூரல் என்பர். ஜெனீவா நகர உளவியலாளர் ஆந்த்ரே ரே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவமைத்த சோதனையில் 15 சொற்கள் ஒரு நொடிக்கு ஒன்று வீதம் வாசிக்கப்பட்டு, இதே பட்டியல் ஐந்து முறை திரும்பத் திரும்பக் கற்பிக்கப்படுகிறது. இடையில் வேறொரு பட்டியல் புகுத்தப்பட்டு, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களுக்குப் பின் முதற்பட்டியல் மறுபடி கேட்கப்படுகிறது. இவ்வாறு செய்வதால் கற்கும் வேகம், குழப்பத்தைத் தாங்கும் திறன், மறக்கும் வேகம் ஆகிய மூன்றும் தனித்தனியே வெளிப்படுகின்றன. ஊர்ப்புறச் சுகாதார நிலையத்தில் இத்தனை நேரம் கிடைப்பதில்லை என்பதால், பரவலான முதற்கட்டச் சோதனைகளில் பட்டியல் சுருங்குகிறது: 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டைன் தம்பதியரும் பால் மெக்ஹியூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனையில் மூன்று சொற்கள், 2005-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நஸ்ரெத்தீனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சோதனையில் ஐந்து சொற்கள்.

மதிப்பெண்ணை இயல்பளவோடு ஒப்பிடும் கணக்கு கடினமானதன்று. ஒரு பிரிவினரின் சராசரியும், அவர்களது மதிப்பெண்கள் அச்சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கமும் தெரிந்தால், ஒருவர் எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதைத் திட்ட விலக்க அலகுகளில் சொல்லிவிடலாம். எடுத்துக்காட்டாக, கல்லூரிப் படிப்பு முடித்த எழுபது வயதினரின் தாமத நினைவுகூரல் சராசரி 6 சொற்கள், திட்ட விலக்கம் 1.5 என்று வைத்துக்கொண்டால், மூன்று சொற்கள் சொன்னவர் இரண்டு அலகுகள் கீழே இருக்கிறார். நலமுள்ள நூறு பேரில் இரண்டு பேர் அளவிலேயே அந்த நிலைக்குக் கீழே இருப்பார்கள் என்பதால் அவரைப் பற்றிக் கவலைப்பட இடமுண்டு. பள்ளிக்கே போகாத எழுபது வயதினரின் சராசரி 4.2, விலக்கம் அதே 1.5 என்றால், அதே மூன்று சொற்கள் 0.8 அலகு மட்டுமே கீழே நிற்கும். நலமுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 21 பேர் அதற்கும் கீழேதான் இருப்பார்கள். மதிப்பெண் மாறவில்லை, ஒப்பிடப்பட்ட கூட்டம்தான் மாறியது. பொதுவாகச் சராசரிக்கு 1.5 அலகு கீழே, அதாவது நலமுள்ள நூறு பேரில் ஏழு பேர் அளவில் விழக்கூடிய இடத்தில், எல்லைக்கோடு போடப்படுகிறது. ஆய்வுகள் வளர வளர, வயதையும் கல்வியையும் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதற்குப் பதிலாக, தொடர்புப் போக்குச் சமன்பாட்டின் வழியே ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கத்தக்க மதிப்பெண்ணைக் கணித்து, அதிலிருந்து அவர் விலகும் அளவைப் பார்ப்பதும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

கல்வி எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு 1993-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்த கணக்கைப் பார்த்தாலே போதும். ஃபோல்ஸ்டைன் சோதனையை 18,056 பேரிடம் நடத்தியதில், ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் படித்தவர்களுக்கு 26. நான்கு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. முப்பதுக்கு 24-க்குக் கீழே வந்தால் ஐயத்துக்குரியது என்ற பரவலான எல்லையை இவர்கள் மீது அப்படியே வைத்தால், குறைவாகப் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நோயுற்றவர்களாகக் குறிக்கப்படுவார்கள். பள்ளி கற்பிப்பது எழுத்தையும் கணக்கையும் மட்டுமன்று; பயனேதும் புலப்படாத ஒரு பட்டியலை, யாரோ கேட்கிறார் என்பதற்காக மனத்தில் நிறுத்திச் சொல்லும் பழக்கத்தையும் அதுவே தருகிறது. விதைப்புக் காலங்களையும் கொடுக்கல் வாங்கலையும் உறவுமுறைகளையும் பிழையின்றி நினைவில் வைத்திருக்கும் பெண்மணி ஒருவர், அறிமுகமில்லாத ஒருவர் வந்து தொடர்பில்லாத பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்கும்போது தடுமாறுவதில் வியப்பில்லை. மாண்ட்ரியல் சோதனை, 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத முதியோர் மிகுந்த நாட்டில் அந்த ஒரு மதிப்பெண் எதையும் ஈடுகட்டாது.

இந்தியாவில் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட முன்னோடிப் பணி, ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் கூட்டாக நடத்தியது. 1995-இல் வெளியான அவர்களது இந்தி வடிவச் சோதனையில், எழுத்தறிவு வேண்டிய பகுதிகள் எழுத்தறியாதோரும் செய்யத்தக்கவாறு மாற்றி அமைக்கப்பட்டன. தமிழகத்துக்கு நேரடித் தொடர்புடையது '10/66' என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவின் பணி. உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மறதிநோய் ஆராய்ச்சியில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானதே அம்மக்களைப் பற்றியது என்ற ஏற்றத்தாழ்வையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட இக்குழு, தன் முன்னோட்ட ஆய்வில் 25 மையங்களைச் சேர்ந்த, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 2,885 பேரைச் சேர்த்தது. அதில் மறதிநோயாளிகள் 729 பேர், மனச்சோர்வு உடையோர் 702 பேர், நலமுள்ளோரில் கல்வி மிகுந்தோர் 694 பேர், கல்வி குறைந்தோர் 760 பேர். நலமுள்ளோரை வேண்டுமென்றே இரண்டாகப் பிரித்ததுதான் இதன் சிறப்பு. சோதனை நோயைப் பிடிக்கிறதா, படிப்பின்மையைப் பிடிக்கிறதா என்பதை வேறு எவ்வகையிலும் அறிந்திருக்க முடியாது. பின்னர் நடந்த வீடுவீடான கணக்கெடுப்பில் இந்தியாவிலிருந்து நகர்ப்புறத்துக்குச் சென்னையும் ஊர்ப்புறத்துக்கு வேலூர்ப் பகுதியும் இடம்பெற்றன. அவற்றிலிருந்தும் லத்தீன் அமெரிக்கா, சீனத் தளங்களிலிருந்தும் கிடைத்த இயல்பளவுகள் 2009-இல் வெளியாயின.

அக்குழு கையாண்ட பத்துச் சொற்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. அவை, அல்சைமர் நோய்ப் பதிவேட்டுக்கென 1986-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டமைப்பின் சொற்பட்டியலிலிருந்து வந்தவை. அமெரிக்கச் சோதனையில் அட்டைகளில் அச்சிட்ட சொற்களைச் சோதிக்கப்படுபவரே உரக்க வாசிக்க வேண்டும். எழுத்தறியாதோருக்கு அது பொருந்தாது என்பதால் 10/66 குழு சொற்களைத் தானே வாசித்துக் காட்டியது. வெண்ணெய், கை, கடிதம், அரசி, பயணச்சீட்டு, புல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆறு சொற்கள் தக்கவைக்கப்பட்டன. கம்பம், கடற்கரை, மரக்குடில், எந்திரம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு நீக்கப்பட்டு, பண்பாடு கடந்து எங்கும் அறிமுகமான மூலை, கல், புத்தகம், குச்சி ஆகியவை சேர்க்கப்பட்டன.

இப்படி ஒரு பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவரும் எவரும் அகராதியை மட்டும் நம்பிச் செயல்பட முடியாது. புல், கல் என்ற இரண்டையும் அப்படியே வைத்தால் அவை ஒலியால் இணைந்துகொள்கின்றன. ஒன்றை நினைத்தால் மற்றது தானே நாவில் வரும், ஆகவே சொற்கள் தொடர்பற்றவையாக இருக்க வேண்டும் என்ற விதி உடைகிறது. லகர ளகர வேறுபாடு தேய்ந்துபோன பேச்சில் மூலையும் மூளையும் ஒன்றாகவே ஒலிக்கும். செவித்திறன் குறைந்த முதியவருக்கு இது இன்னும் பெரிய இடர். ஏட்டில் கடிதம் என்று இருப்பது பலருடைய வாயில் லெட்டர் என்றே வருவதால், கேட்டவர் அப்படிச் சொன்னால் மதிப்பெண் உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், ஒரு சோதகர் கொடுப்பதை இன்னொருவர் மறுப்பார். சொல்லின் நீளமும் கணக்கில் வர வேண்டும். உடனடி நினைவில் ஒருவர் தக்கவைக்கும் சொற்களின் அளவு, அவர் ஏறத்தாழ இரண்டு நொடிகளில் உச்சரிக்கக்கூடிய அளவை ஒட்டியது என்று 1975-இல் பிரிட்டனில் ஆலன் பேட்லியும் உடன்பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். ஓரிரு அசைகள் கொண்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக மூன்று நான்கு அசைகள் கொண்ட தமிழ்ச் சொற்களை வைத்தால் சோதனையின் கடினம் மாறிவிடக்கூடும். மொழிபெயர்ப்பு எவ்வளவு செம்மையாக இருந்தாலும் வேற்று மொழியின் இயல்பளவு அட்டவணையை அதனுடன் சேர்த்துக் கடன் வாங்க முடியாது என்பதற்கு இவையே போதுமான காரணங்கள். பட்டியல் மாறினால் அளவும் புதிதாக எடுக்கப்பட வேண்டும்.

பட்டியல் அமைந்த பிறகு எழும் கேள்வி, நலமுள்ளோர் என்று யாரைச் சேர்ப்பது என்பது. மருத்துவமனைக்கு நோயாளியுடன் வந்த உறவினர்களையும் தாமாக முன்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் சேர்த்தால் சராசரி உயர்ந்துவிடும். அதன் பின் ஊரில் உள்ள சாதாரண முதியவர் எவரும் குறையுடையவராகத் தெரிவார். மறுபுறம், ஊரிலிருந்து தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில், நோய் தொடங்கியும் இன்னும் வெளிப்படாதவர்கள் சிலர் எப்போதும் கலந்திருப்பார்கள். மார்ட்டின் ஸ்லிவின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1996-இல் இதன் விளைவை எடுத்துக்காட்டினர்: இத்தகைய வெளிப்படாத நோயாளிகள் கலந்திருப்பதால் சராசரி தாழ்கிறது, மதிப்பெண்களின் பரவல் அகல்கிறது, வயதால் ஏற்படும் இயல்பான தேய்வு உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. எல்லைக்கோடும் கீழே இறங்கிவிடுவதால், உண்மையான நோயாளிகள் பலர் நலமுள்ளோராகத் தப்பிவிடுகின்றனர். இதற்குத் தீர்வு, அளவு எடுத்த மக்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, பின்னர் நோயுற்றவர்களின் பழைய மதிப்பெண்களைத் தொகுப்பிலிருந்து நீக்குவது. முதுமை இயல்பாகவே மறதியைத் தரும் என்று குடும்பங்களில் சொல்லப்படும் சமாதானத்தில் ஒரு பங்கு, இப்படிச் சலித்தெடுக்கப்படாத அளவுகளாலும் வலுப்பெற்றிருக்கிறது என்பது இங்கே வலியுறுத்திச் சொல்லத்தக்கது.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, எதற்கெல்லாம் விலக்கு அளிப்பது என்பது. படிப்பு குறைந்தவருக்குத் தனி இயல்பளவு வைப்பது நியாயம் என்று மேலே கண்டோம். ஆனால் இளமையில் கல்வி கிடைக்காமை மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் மறதிநோய் ஆணையம் 2017 முதல் தொடர்ந்து சொல்லிவருகிறது. அப்படியானால், படிக்காதவரின் குறைந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி சோதனையின் அநீதியாலும், ஒரு பகுதி அவரது மூளைக்கு நேர்ந்த உண்மையான இழப்பாலும் வந்தது. கல்விக்காக முழுமையாக ஈடு செய்தால் இரண்டாவது பகுதியும் மறைந்துபோகும். வயதுக்கும் இதே கதை: எண்பத்தைந்து வயதினரை எண்பத்தைந்து வயதினரோடு மட்டும் ஒப்பிட்டால், அந்த வயதில் நோய் பெருகியிருக்கும் உண்மை அட்டவணைக்குள் புதைந்துவிடும். ஈடு செய்வதன் எல்லை எங்கே என்பது அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிற்று. தலையில் பலமுறை அடிபட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு இழப்பீடு வழங்கும் ஒப்பந்தத்தில், கறுப்பினத்தவருக்குத் தனி இயல்பளவு பயன்படுத்தப்பட்டதால், ஒரே மதிப்பெண் பெற்றும் வெள்ளையருக்குக் கிடைத்த இழப்பீடு கறுப்பினத்தவருக்கு மறுக்கப்படுகிறது என்று கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தனர்; மறு ஆண்டு அம்முறையைக் கைவிடுவதாகக் கால்பந்து அமைப்பு அறிவித்தது. நோயில்லாதவரை நோயாளி ஆக்காமல் இருக்க உதவும் அளவே, நோயுற்றவருக்கு உரியதைத் தராமல் இருக்கவும் பயன்பட முடியும் என்பதை இவ்வழக்கு தெளிவாகக் காட்டியது. இனம் என்ற பெட்டிக்குள் ஒளிந்திருந்தது பள்ளிக்கல்வியின் தரம் என்பதையும், படித்த ஆண்டுகளைவிட வாசிக்கும் திறனே அதைச் சரியாகக் காட்டும் என்பதையும் ஜெனிஃபர் மேன்லி முதலானோர் 2002-இலேயே எடுத்துச் சொல்லியிருந்தனர். எட்டாம் வகுப்பு என்று இருவர் சொன்னாலும் அவ்விருவரின் பள்ளிகள் ஒன்றல்ல என்பது தமிழ்நாட்டிலும் உண்மையே.

மேலும், அளவு எவ்வளவு நுட்பமாக வகுக்கப்பட்டாலும் முதற்கட்டச் சோதனை நோயறிதல் ஆகிவிடாது. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. இதன்படி ஆயிரம் முதியோரில் 74 பேர் நோயாளிகள். நலமுள்ளோரில் ஏழு விழுக்காட்டினரை எப்போதும் தவறாகப் பிடிக்கும் எல்லைக்கோடு, மீதி 926 பேரில் 65 பேரைப் பிடிக்கும். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும் என்று கொண்டாலும் 59 பேரே சிக்குவர். குறிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் நலமுள்ளோர். ஒரு சோதனைக்குப் பதில் பத்துச் சோதனைகளை வைத்தாலும் நிலை எளிதாகிவிடாது; அவை ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், நலமுள்ள ஒருவர் ஏதேனும் ஒன்றில் எல்லைக்குக் கீழே போகும் வாய்ப்பு சரிபாதி. மனச்சோர்வும் தூக்கமின்மையும் காது கேளாமையும் சொற்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆறு மாதத்துக்கு முன் அதே பட்டியலைக் கேட்டிருப்பது அதைக் கூட்டும்.

மதிப்பெண்ணோடு குடும்பத்தாரின் சொல்லையும் சேர்த்துப் பார்ப்பது இதற்கு ஒரு மாற்று. 10/66 குழுவின் முறையும் அதுவே. ஆனால் அங்கும் ஒரு பள்ளம் இருந்தது. 2008-இல் லான்செட் இதழில் வெளியான, ஏழு நாடுகளின் 11 தளங்களில் 14,960 பேரிடம் நடந்த கணக்கெடுப்பில், அமெரிக்க மனநல வரையறையின்படி எண்ணியபோது மறதிநோயின் அளவு கியூபாவில் 6.3 விழுக்காடு, இந்திய ஊர்ப்புறத் தளத்தில் வெறும் 0.3 விழுக்காடு. அன்றாட வாழ்வில் தடை ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது அந்த வரையறையின் விதி. மூத்தோரின் வேலைகளை மருமகளும் பேரப்பிள்ளைகளும் எடுத்துக்கொண்ட வீட்டில், பெரியவரால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்று சொல்ல எவருக்கும் வாய்ப்பே வருவதில்லை. 10/66 குழு தன் சொந்த முறையில் எண்ணியபோது தளங்களுக்கிடையிலான வேறுபாடு பெரிதும் குறைந்து, விகிதம் சீன ஊர்ப்புறத்தில் 5.6 முதல் டொமினிக்கன் குடியரசில் 11.7 விழுக்காடு வரையிலான எல்லைக்குள் அடங்கியது. ஆகவே உறவினரின் சொல்லால் மட்டும் அளவின் குறையை நிரப்பிவிட முடியாது; இரண்டும் அந்த மண்ணுக்கேற்பச் சரிபார்க்கப்பட வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுதியில் எழுத்தறியாதோர் உட்பட மூன்று கல்விப் பிரிவினருக்கும் இந்திய இயல்பளவுகள் உண்டு. ஆயினும் அவை 65 வயதோடு நின்றுவிடுகின்றன, மறதிநோய் பெருகத் தொடங்குவதோ அதற்குப் பின்னர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பல மொழிகளுக்கும் ஒரே தரத்தில் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதற்கட்டத்தில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது. சென்னையிலும் வேலூரிலும் எடுக்கப்பட்ட 10/66 அளவுகளோ 65 வயதைக் கடந்தவர்களுக்கானவை, அதாவது 1940 வாக்கிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர்களுக்கானவை. இப்போது எழுபதை எட்டுபவர்கள் 1950-களின் நடுவில் பிறந்து, காமராசர் ஆட்சியில் ஊருக்கு ஊர் பள்ளிகள் திறக்கப்பட்டு மதிய உணவு தொடங்கிய காலத்தில் முதல் வகுப்பில் சேர்ந்த தலைமுறையினர். அவர்களை அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால், தொடங்கிவிட்ட மறதிகூட இயல்பானதாகத் தோன்றும். தமிழ் முதியோருக்கென, பேச்சுத் தமிழில் அமைந்த பட்டியலோடு, ஊர்ப்புறம் நகர்ப்புறம் இரண்டிலும், எழுத்தறியாதோர் முதல் பட்டதாரிகள் வரை தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து சலித்தெடுத்த இயல்பளவு ஒன்று பத்தாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும்.